கொழிஞ்சாம்பாறையிலிருந்து பி.எம்.பி. தேர்வுக்குத் தயாராவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை சிவில், 8 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை இங்கேயே தமிழ் வழியில் படித்துவிட்டு, சிவில் டிப்ளமோ முடித்து, பதினோரு ஆண்டுகளாகக் கட்டுமானத் தொழிலில் இருக்கிறேன். இப்போது கஞ்சிக்கோடு பகுதியில் கிடங்குகள் கட்டித் தரும் ஒரு நிறுவனத்தில் சைட் பொறுப்பாளராக இருக்கிறேன். வேலை ஆட்களில் பாதிப் பேர் தமிழர், மேஸ்திரிகள் மலையாளிகள், கம்பி கட்டுகிறவர்கள் வங்காளத்திலிருந்து வந்தவர்கள், வரைபடமும் மின்னஞ்சலும் ஆங்கிலத்தில் வருகின்றன.

பி.எம்.பி. என்னும் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் பெற வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக நினைத்து, இந்த ஏப்ரலில்தான் அதற்குத் தேவையான 35 மணி நேர வகுப்பை முடித்தேன். ஆனால் மாதிரித் தேர்வில் 54 விழுக்காட்டைத் தாண்ட முடியவில்லை. கணக்குகள் ஓரளவு வருகின்றன. ஒரு சூழ்நிலையைச் சொல்லி, திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் கேள்விகளில்தான் தொடர்ந்து தவறு செய்கிறேன். உதாரணமாக, வாடிக்கையாளரின் மூத்த அதிகாரி ஒருவர் நேராகக் குழு உறுப்பினரிடம் போய் ஒரு புதிய வசதியைச் சேர்க்கச் சொல்கிறார் என்று ஒரு கேள்வி வந்தது. அதிகாரியிடம் பேசி உடனே செய்து கொடுப்பது என்ற விடையை நான் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் பதினோரு ஆண்டுகளாக நான் செய்துவருவது அதுதான். அது தவறு என்று வந்தது.

விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, மொழிச் சிக்கலை எப்படிக் கடப்பது, வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாமா அல்லது கோயம்புத்தூர் மையத்துக்குப் போகலாமா என்பவற்றிலும் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது. எல்லைப் பகுதியில் இருந்து இந்தத் தேர்வை எழுதியவர்கள் யாராவது விரிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஒலவக்கோடு பயணி, 8 ஜூன் 2025

வணக்கம் தம்பி. ஒலவக்கோட்டிலிருந்து தினமும் ரயிலில் கோயம்புத்தூர் சென்று வேலை பார்க்கிறேன். 2022இல் இந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றேன். முதலில் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அவசரப்பட்டவர்கள் படிப்பை முடித்தும் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டிப்ளமோ படித்தவருக்குத் திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவம் 60 மாதங்கள் வேண்டும். நான்கு ஆண்டுப் பட்டம் இருந்தால் 36 மாதங்கள் போதும். இரண்டிலும் அந்த மாதங்கள் கடந்த எட்டு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், ஒரே மாதத்தில் இரண்டு சைட்டுகளைப் பார்த்திருந்தாலும் அது ஒரு மாதமாகத்தான் எண்ணப்படும். ஆகவே உங்கள் பதினோரு ஆண்டுகளில் முதல் மூன்று ஆண்டுகள் கணக்கில் வராது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் என்ற பதவிப் பெயர் உங்களுக்கு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சைட் பொறுப்பாளராக இருந்து அட்டவணை, செலவு, ஆட்கள், ஒப்படைப்பு ஆகியவற்றை நீங்கள்தான் முன்னின்று நடத்தினீர்கள் என்பது எழுத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் நோக்கம், உங்கள் பங்கு, ஒப்படைத்தது, முடிவு ஆகிய நான்கையும் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். வேறொருவர் எழுதியதைப் பார்த்து எழுதினால் தணிக்கை வரும்போது கையொப்பமிட வேண்டிய மேலதிகாரியே தயங்குவார். விண்ணப்பங்களில் சில தணிக்கைக்குத் தேர்ந்தெடுக்கப்படும், அப்படி வந்தால் படிப்புச் சான்றின் நகல், 35 மணி நேர வகுப்பின் சான்று, ஒவ்வொரு திட்டத்தையும் உறுதிசெய்யும் கையொப்பம் ஆகியவற்றை அனுப்ப 90 நாட்கள் தருவார்கள். எனவே பழைய மேலதிகாரிகளிடம் முன்கூட்டியே பேசி, அவர்களுடைய இன்றைய மின்னஞ்சல் முகவரியை வாங்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள். நான் முன்பு வேலை செய்த இடம் ஒன்றில் வேலையை விட்டுப் போனவருக்குக் கையொப்பம் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள், அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டு வேறொன்றை எழுத வேண்டியதாயிற்று.

பெயரையும் கவனியுங்கள். தேர்வை நடத்தும் பி.எம்.ஐ. அமைப்பின் கணக்கில் உள்ள பெயரும், தேர்வன்று காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், இன்னொரு ஆவணத்தில் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கணக்கைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று முறை வரை தேர்வு எழுதலாம்.

தடா நெடுஞ்சாலை, 9 ஜூன் 2025

ஆந்திரப் பக்கம் எல்லையில், தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் ஒரு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், கும்மிடிப்பூண்டியிலிருந்து போய்வருகிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதாகச் சகோதரர் சொன்ன அந்தக் கேள்விகளைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது, ஏனென்றால் நானும் முதல் முயற்சியில் தோற்றது அங்கேதான்.

இந்தத் தேர்வில் இத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்று ஓர் எண்ணை அவர்கள் வெளியிடுவதில்லை. மனிதர்கள், செயல்முறை, வணிகச் சூழல் என்ற மூன்று பகுதிகளிலும் இலக்குக்கு மேல், இலக்கு, இலக்குக்குக் கீழ், மேம்பாடு தேவை என்ற நான்கு நிலைகளில் ஒன்றைத் தருவார்கள். கேள்விகளில் 42 விழுக்காடு மனிதர்களைப் பற்றியவை, 50 செயல்முறை, 8 வணிகச் சூழல். எனக்கு மனிதர்கள் பகுதியில் மேம்பாடு தேவை என்று வந்தது. எட்டு ஆண்டுகள் தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிப் பேசி முந்நூறு பேரை வேலை வாங்கியவளுக்கு மனிதர்களைக் கையாளத் தெரியவில்லை என்று ஒரு காகிதம் சொன்னது அன்று மிகவும் வலித்தது.

பிறகு என் தவறான விடைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. இரண்டு பேர் சண்டையிட்டால் நான் ஒவ்வொரு முறையும் தீர்ப்புச் சொல்லும் விடையையே தேர்ந்தெடுத்திருந்தேன். மோதலைக் கையாள ஐந்து வழிகளைப் பாடத்தில் சொல்கிறார்கள்: விலகிக்கொள்வது, சமாதானப்படுத்தி மழுப்புவது, இருவரையும் சிறிது விட்டுக்கொடுக்கச் செய்வது, அதிகாரத்தால் முடிப்பது, உட்கார்ந்து பேசிக் காரணத்தைத் தீர்ப்பது. நேரமும் ஆபத்தும் நெருக்கும் இடங்களைத் தவிர, தேர்வு எதிர்பார்ப்பது கடைசி வழியைத்தான். பட்டறையில் பழகிய கைக்கு நான்காவது வழிதான் முதலில் வரும். அந்தப் பழக்கத்தைக் கவனித்துப் பிடித்து நிறுத்துவதுதான் படிப்பின் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒலவக்கோடு பயணி, 9 ஜூன் 2025

சகோதரி சொன்னது மிகச் சரி. புதிய வசதியைச் சேர்க்கச் சொல்லும் அந்த மாற்றக் கேள்வியின் தர்க்கத்தையும் எழுதிவிடுகிறேன். ஒப்புக்கொண்ட எல்லை, கால அட்டவணை, செலவு என்ற அடிப்படை முடிவான பிறகு யார் எந்த மாற்றம் கேட்டாலும், திட்ட மேலாளர் முதலில் அந்த மாற்றம் எதையெல்லாம் பாதிக்கும் என்று குழுவோடு ஆராய வேண்டும். அதற்குப் பிறகு மாற்றக் கோரிக்கையை எழுத்தில் பதிவுசெய்து, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள குழுவின் முன் வைக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் திட்ட ஆவணங்களைத் திருத்தி, தொடர்புடையவர்களுக்குச் சொல்லிவிட்டு, வேலையைத் தொடங்க வேண்டும். நான்கு விடைகளில் பெரும்பாலும் ஒன்று உடனே செய்யும், ஒன்று உடனே மறுக்கும், ஒன்று மேலிடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடும், மீதமுள்ள ஒன்று ஆராயும். ஆராயும் விடையைத் தேடுங்கள்.

வேலந்தாவளம் ஒப்பந்ததாரர், 11 ஜூன் 2025

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டட ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன், என் மகனும் இந்தத் தேர்வுக்குப் படிப்பதால் இந்த இழையை வாசித்தேன். மனம் புண்பட வேண்டாம், ஆனால் ஓர் ஐயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. வாளையாறு சோதனைச் சாவடியில் ஜல்லி லாரி இரவு முழுக்க நின்றுவிட்டால், காலை ஆறு மணிக்குக் கான்கிரீட் போடக் காத்திருக்கும் நாற்பது பேருக்கு முன்னால் நான் எந்தக் குழுவைக் கூட்டி ஆராய்வேன்? வீட்டுக்காரர் ஜன்னலை இரண்டடி நகர்த்தச் சொன்னால் படிவம் எழுதச் சொல்லி நீட்டினால் அடுத்த வேலையை எனக்குக் கொடுப்பாரா? இந்தத் தேர்வு, நம் ஊரில் வேலை நடக்கும் விதத்தை அறியாதவர்கள் உட்கார்ந்து எழுதியது என்றே நினைக்கிறேன்.

ஒலவக்கோடு பயணி, 11 ஜூன் 2025

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சிறியவன், ஆனாலும் நீங்கள் கேட்ட இரண்டுக்கும் தேர்வுக்குள்ளேயே விடை இருக்கிறது. லாரி நிற்கக்கூடும் என்பது நேற்றே தெரிந்த ஆபத்து. அது நடப்பதற்கு முன் ஆபத்துப் பதிவேட்டில் இருக்க வேண்டியது, நடந்த பிறகு பிரச்சினைப் பதிவேட்டுக்குப் போக வேண்டியது. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் தேர்வில் பல கேள்விகளை இழக்கிறார்கள். பதிவேட்டில் எழுதும்போதே அதற்கான பதில் நடவடிக்கையையும் எழுதுகிறோம்: முன்தினமே இறக்கி வைப்பது தவிர்ப்பு, இரண்டு இடங்களில் சொல்லி வைப்பது தணிப்பு, நட்டத்துக்குக் காப்பீடு எடுப்பது மாற்றிவிடுதல், தெரிந்தே சிறிது பணத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருப்பது ஏற்பு. ஹர்த்தால், ஜூன் மழை, ஓண விடுமுறை ஆகிய மூன்றும் எங்கள் பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. அவற்றைத் திடீர் என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை என்பதே என் கருத்து.

இதைவிட நல்ல உதாரணம் சுமடு, அதாவது சுமை, இறக்குவது. கேரளத்தில் 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பதிவுபெற்ற தொழிலாளர்களுக்கு உரிய பணி முறையும் கூலியும் அதன்கீழ் வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குழு இதை அறியாமல் சொந்த ஆட்களை வைத்துக் கம்பியை இறக்கத் தொடங்கி, வேலை நின்றுபோனால், தவறு எங்கே நடந்தது என்று ஒரு தேர்வுக் கேள்வி போலக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்திலேயே சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காணும்போது உள்ளூர்த் தொழிலாளர்களைப் பட்டியலில் சேர்க்காததுதான் தவறு. வேலை செய்யாமல் நின்று பார்ப்பதற்குக் கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடைசெய்துவிட்டது. ஆகவே பணம் கொடுத்து முடித்துவிடுவது என்ற விடை இருந்தால் அது சட்டப்படியும் பி.எம்.ஐ.யின் நெறிப்படியும் தவறு. கேள்வி எழுதியவர்கள் கஞ்சிக்கோட்டைப் பார்த்ததில்லை என்பது உண்மைதான், ஆனால் கஞ்சிக்கோட்டில் நடப்பது அந்தக் கேள்விகளுக்குள் அடங்குகிறது.

வேலந்தாவளம் ஒப்பந்ததாரர், 12 ஜூன் 2025

சுமட்டு உதாரணத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் பணம் இழந்த இடங்களை நினைத்துப் பார்த்தால், எழுதி வாங்காமல் செய்து கொடுத்த கூடுதல் வேலைகள்தான் முக்கால்வாசி. கடைசிப் பில் கொடுக்கும்போது, அதை நான் கேட்கவே இல்லையே என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னபோது என்னிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. ஜன்னல் கேள்விக்கு நான் வைத்த எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், லாரியைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

களியக்காவிளை மாணவன், 15 ஜூன் 2025

அண்ணா, நான் இப்போதுதான் தொடங்குகிறேன். உண்மையான தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி டெலிகிராமில் சிலர் விற்கிறார்கள். வாங்கிப் படித்தால் நேரம் மிச்சமாகுமா?

தடா நெடுஞ்சாலை, 15 ஜூன் 2025

தயவுசெய்து வாங்காதீர்கள் தம்பி. பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை ஆகிய நான்கின் மேல்தான் அவர்களுடைய நெறிக்கோவை நிற்கிறது, விண்ணப்பிக்கும்போதே அதற்கு உடன்பட்டுத்தான் உள்ளே போகிறோம். திருட்டுக் கேள்விகளில் விடைகளும் பெரும்பாலும் தவறாக இருக்கின்றன, நான் பார்த்த ஒரு தொகுப்பில் ஒரே கேள்விக்கு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள் இருந்தன. அந்தப் பணத்தில் விடை விளக்கத்தோடு வரும் ஒரு நல்ல மாதிரித் தேர்வுத் தொகுப்பை வாங்கி, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை சிவில், 20 ஜூலை 2025

எல்லோருக்கும் நன்றி. விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது, தணிக்கை வரவில்லை. மாதிரித் தேர்வில் 63 விழுக்காடு வந்திருக்கிறது. இப்போது இரண்டு இடங்களில் நிற்கிறேன். ஈட்டிய மதிப்புக் கணக்கில் சூத்திரம் தெரிந்தும் பொருள் புரியவில்லை. மற்றொன்று அஜைல், அது எங்கள் தொழிலில் இல்லவே இல்லை, ஆனால் கேள்விகளில் ஏறக்குறைய பாதி அஜைல் அல்லது கலப்பு முறையைச் சேர்ந்தவை என்கிறார்கள்.

ஒலவக்கோடு பயணி, 20 ஜூலை 2025

கணக்கை உங்கள் கிடங்கிலேயே போட்டுப் பார்ப்போம். மொத்த மதிப்பீடு 40 லட்சம், பத்து மாத வேலை, மாதம் தோறும் சமமாக முன்னேற வேண்டும் என்பது ஏற்பாடு. நான்காம் மாத முடிவில் 16 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும், அது திட்டமிட்ட மதிப்பு. போய் அளந்து பார்த்தால் முப்பது விழுக்காடுதான் முடிந்திருக்கிறது, அதாவது 12 லட்சத்துக்கான வேலை, அது ஈட்டிய மதிப்பு. கணக்குப் புத்தகத்தில் செலவு 15 லட்சம் ஆகியிருக்கிறது.

ஈட்டியதைச் செலவால் வகுத்தால் 0.8. போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் எண்பது பைசா வேலைதான் சுவரில் ஏறியிருக்கிறது என்பது அதன் பொருள். ஈட்டியதைத் திட்டமிட்டதால் வகுத்தால் 0.75, நான்கு நாளில் மூன்று நாள் வேலைதான் நடந்திருக்கிறது. இதே போக்கில் போனால் 40 லட்சத்தை 0.8ஆல் வகுத்து 50 லட்சத்தில் முடியும். மதிப்பீட்டுக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் மீதமுள்ள 28 லட்சம் வேலையை மீதமுள்ள 25 லட்சத்தில் செய்ய வேண்டும், அது 1.12. இதுவரை ரூபாய்க்கு எண்பது பைசா வேலை செய்த குழுவை இனி ஒரு ரூபாய் பன்னிரண்டு பைசா வேலை செய்யச் சொல்வது நடக்குமா என்பதே கேள்வி. 0.8, 0.75 என்ற முதல் இரண்டு எண்களிலும் ஒன்றுக்குக் குறைந்தால் கேடு, மிகுந்தால் நன்மை என்பதையும், அவற்றை வகுக்கும்போது ஈட்டிய மதிப்புதான் மேலே வரும் என்பதையும் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. தேர்வில் கணக்காகக் கேட்பதைவிட, எண்களைக் கொடுத்து நிலைமை என்ன என்று கேட்பதுதான் அதிகம்.

தடா நெடுஞ்சாலை, 21 ஜூலை 2025

அஜைல் உங்கள் தொழிலில் இல்லை என்று சொல்லாதீர்கள். அடித்தளத்தைத் தோண்டிக் கான்கிரீட் போட்ட பிறகு மாற்ற முடியாது, அதனால் அதை முழுதும் முன்கூட்டியே திட்டமிடுகிறீர்கள். ஆனால் அதே கட்டடத்தில் அலுவலக அறையின் உள் அலங்காரத்தில் என்ன நடக்கிறது? ஓர் அறையை முடித்துக் காட்டுகிறீர்கள், உரிமையாளர் பார்த்துவிட்டு அலமாரி இப்படி வேண்டாம் என்கிறார், அடுத்த அறையை அவர் சொன்னபடி செய்கிறீர்கள். சிறு சிறு பகுதியாக முடித்துக் காட்டி, கருத்தைக் கேட்டு, அடுத்த பகுதியைத் திருத்திக்கொள்வதுதான் அதன் உயிர். அடித்தளத்துக்கு ஒரு முறையும் அலங்காரத்துக்கு வேறொரு முறையுமாக ஒரே திட்டம் நடந்தால் அது கலப்பு.

அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம் முறையில், ஸ்பிரிண்ட் எனப்படும் ஒரு வேலைச் சுற்று ஒரு மாதத்துக்கு மேல் போகாது, தினசரிக் கூட்டம் 15 நிமிடம். எந்த வேலை முதலில் என்று வரிசைப்படுத்தும் உரிமை பிராடக்ட் ஓனருக்கு, எவ்வளவு வேலையை எடுத்துக்கொள்வது, எப்படிச் செய்வது என்று முடிவெடுப்பது குழுவுக்கு, தடைகளை நீக்கித் தருவது ஸ்க்ரம் மாஸ்டருக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. புதிய தேவை வந்தால், முன்கூட்டியே திட்டமிட்ட முறையில் மாற்றக் கோரிக்கை எழுத வேண்டும் என்று சென்ற மாதம் இங்கே படித்தோம். அஜைல் கேள்வியில் அதே தேவை பிராடக்ட் ஓனரிடம் போய், அவருடைய வேலைப் பட்டியலில் வரிசைப்படும், அங்கே மாற்றக் குழுவைக் கூட்டும் விடை தவறாகிவிடும். ஆகவே கேள்வியைப் படித்தவுடன் இது எந்த முறைத் திட்டம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். ஸ்பிரிண்ட், பேக்லாக் (அந்த வேலைப் பட்டியல்) போன்ற ஒரு சொல் எங்காவது ஒளிந்திருக்கும்.

கொழிஞ்சாம்பாறை சிவில், 10 ஆகஸ்ட் 2025

அலமாரி உதாரணம் கதவைத் திறந்துவிட்டது அக்கா. மொழியைப் பற்றி நான் கண்டுபிடித்ததையும் எழுதுகிறேன். இந்தத் தேர்வுக்குச் சில மொழிகளில் மொழிபெயர்ப்பு உதவி உண்டு, தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஒரு நோட்டுப் போட்டு, குழப்பும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் அகராதிப் பொருளை விட்டுவிட்டு, சைட்டில் அது எப்படி நடக்கும் என்று தமிழில் எழுதத் தொடங்கினேன். கண்ட்ரோல் குவாலிட்டி, வேலிடேட் ஸ்கோப் என்ற இரண்டையும் மூன்று மாதமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மேஸ்திரி தூக்குக்குண்டு வைத்துச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது முதலாவது, கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போடுவது இரண்டாவது என்று எழுதிய நாளிலிருந்து ஒருமுறை கூடத் தவறவில்லை. இதுவரை நூற்று நாற்பது சொற்கள் ஆகியிருக்கின்றன.

கேள்வியின் கடைசி வரியை முதலில் படிக்கும் பழக்கமும் உதவுகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும், முன்பே என்ன செய்திருக்க வேண்டும் என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். நான் மூன்றையும் ஒன்றாகவே படித்து வந்திருக்கிறேன்.

இப்போது 71 விழுக்காடு. வீட்டிலிருந்து எழுதலாம் என்று நினைக்கிறேன், உங்கள் கருத்து என்ன?

ஒலவக்கோடு பயணி, 10 ஆகஸ்ட் 2025

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் எழுதினால் அறையில் நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும், மேசை காலியாக இருக்க வேண்டும், கேமராவை விட்டு நகரக் கூடாது, உதட்டை அசைத்துப் படித்தாலும் எச்சரிப்பார்கள். ஆங்கிலத்தை மெல்ல வாய்க்குள் சொல்லிப் படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒன்றே பெரும் தொல்லை. அதற்கு மேல் நம் கணவாயில் காற்றும் மழையும் சேரும் மாதங்களில் மின்சாரம் எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும்? ஆபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள், தவிர்ப்பு என்ற பதில்தான் வரும். கோயம்புத்தூர் மையத்துக்கே போங்கள், முந்தைய நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

நேரத்தையும் இப்போதே பழகுங்கள். 180 கேள்விகள், 230 நிமிடம், ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 76 நொடி. 60ஆம் கேள்விக்குப் பின்னும் 120ஆம் கேள்விக்குப் பின்னும் பத்து நிமிட இடைவேளை உண்டு, இடைவேளைக்குப் போனபின் முந்தைய பகுதியைத் திறக்க முடியாது. முதல் இடைவேளையில் 153 நிமிடமும் இரண்டாவதில் 76 நிமிடமும் மீதம் இருந்தால் சரியான வேகத்தில் இருக்கிறீர்கள். திருவோணம் செப்டம்பர் 5 அன்று வருகிறது, அந்த விடுமுறையில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இடைவேளையில் தவிர எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். அறிவைவிட உட்காரும் உடம்புதான் முதலில் தளர்கிறது.

கொழிஞ்சாம்பாறை சிவில், 12 அக்டோபர் 2025

நேற்று கோயம்புத்தூரில் தேர்வு எழுதினேன். தேர்ச்சி பெற்றுவிட்டேன். செயல்முறை இலக்குக்கு மேல், மனிதர்கள் இலக்கு, வணிகச் சூழல் இலக்குக்குக் கீழ்.

முதல் அறுபது கேள்விகள் மிகக் கடினமாக இருந்தன, முதல் இடைவேளைக்கு எழுந்தபோது 153க்குப் பதிலாக 141 நிமிடமே மீதம் இருந்தது, தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒரு கேள்வியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று முடிவுசெய்தேன், இரண்டாம் பகுதியில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்பதை மீட்டுவிட்டேன். ஈட்டிய மதிப்பில் இரண்டே கேள்விகள், இரண்டிலும் வகுக்கத் தேவையே இல்லாமல் நிலைமையைக் கேட்டிருந்தார்கள். இழுத்துப் பொருத்தும் கேள்விகளும் இரண்டு விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும் வந்தன. மாற்றக் கோரிக்கையைப் பற்றி மட்டும் ஐந்தாறு வடிவங்களில் கேட்டார்கள், ஒவ்வொன்றிலும் வேலந்தாவளம் ஐயாவின் ஜன்னல் நினைவுக்கு வந்தது. ஐயாவுக்கும் ஒலவக்கோடு அண்ணாவுக்கும் தடா அக்காவுக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வேலந்தாவளம் ஒப்பந்ததாரர், 12 அக்டோபர் 2025

மிகுந்த மகிழ்ச்சி தம்பி. உங்கள் நோட்டை என் மகன் கேட்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நகலெடுத்துக்கொள்ள அனுமதிப்பீர்களா?

கொழிஞ்சாம்பாறை சிவில், 13 அக்டோபர் 2025

கட்டாயம் வரச் சொல்லுங்கள். ஞாயிறு காலை சித்தூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் இருப்பேன். ஆந்திரத்திலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இது பாலக்காட்டுச் சித்தூர்.

களியக்காவிளை மாணவன், 7 டிசம்பர் 2025

அண்ணா, வாழ்த்துகள். 2026 ஜூலையில் பாடத்திட்டம் மாறுகிறது என்கிறார்கள். நான் காத்திருந்து புதியதை எழுதுவதா, அதற்கு முன்பே எழுதிவிடுவதா?

ஒலவக்கோடு பயணி, 7 டிசம்பர் 2025

இப்போதைய பாடத்திட்டத்தில் பாதி வரை வந்துவிட்டவர்கள் அதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. புதியதில் வணிகச் சூழல் 8 விழுக்காட்டிலிருந்து 26 ஆகிறது, மனிதர்கள் 33, செயல்முறை 41 ஆகக் குறைகின்றன. நீங்கள் இன்னும் 35 மணி நேர வகுப்பையே தொடங்கவில்லை என்றால், புதிய பாடத்திட்டத்துக்கு ஏற்ற வகுப்பில் சேருங்கள். தேர்ச்சி பெற்றவர்களும் மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 கற்றல் அலகுகள் சேர்க்க வேண்டும் என்பதால் எப்படியும் எல்லோரும் அதைப் படிக்கத்தான் போகிறோம்.

தடா நெடுஞ்சாலை, 8 டிசம்பர் 2025

வேலந்தாவளம் ஐயாவின் மகன் அனுப்பிய நகலைப் பார்த்தேன் தம்பி, மிக நன்றாக இருக்கிறது. ஆனால் சர்வன்ட் லீடர் என்ற சொல்லுக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறதே. மனிதர்கள் பகுதியில் அதுதான் அடிக்கடி வருகிறது, தொண்டுத் தலைவர் என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.

கொழிஞ்சாம்பாறை சிவில், 8 டிசம்பர் 2025

அந்தச் சொல்லுக்கு எழுதி எழுதி அடித்துவிட்டேன் அக்கா, தேர்வுக்கு முந்தைய இரவில்தான் கிடைத்தது, அதனால் அது கடைசிப் பக்கத்தில் தனியாக இருக்கிறது, நகலில் விடுபட்டிருக்கும். எங்கள் ஊர் வயல்களுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் வரும்போது, மண்வெட்டியோடு வரப்பில் நடந்து, அடைத்த இடத்தில் மண்ணை எடுத்து, ஒவ்வொரு வயலுக்கும் மடை மாற்றி விட ஒருவர் இருப்பார். என் தாத்தா அந்த வேலை பார்த்தவர். நோட்டில் அவர் பெயரை எழுதியிருக்கிறேன், நீங்கள் மடை மாற்றுபவர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.